டர்போவுக்கு ஒரு பரமண்டல ஜெபம்

மின்விசிறியை அவன் ஒரேயடியாக அணைத்து நான் பார்த்ததில்லை. முழு வேகத்தில் சுற்றுவதை ஒரு படி குறைப்பான். சற்று நிற்பான். இன்னொரு படி குறைப்பான். இறக்கைகளை எண்ணிவிடலாம் என்கிற வேகத்துக்கு வந்த பிறகுதான் சுவிட்சைத் தட்டுவான். அதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, தெருவில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டிருப்பேன். "வந்துட்டேன் அத்தான்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஆள் வரமாட்டான்.

அவன் என் மனைவியின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயில்வே கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றான். சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில்தான் கடைசிவரை இருந்தான். ஒரே கூரையின் கீழ் இத்தனை வருடம் என்னை இந்த அளவுக்கு எரிச்சல்படுத்திய இன்னொரு மனிதன் கிடையாது. இதை அவன் இருக்கும்போதே அவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். அதனால் இப்போது எழுதுவதில் புறம் பேசுகிற குற்றம் இல்லை. வேறு குற்றங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வருகிறேன்.

நான் அவனுக்கு நேர் எதிர். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். மணி அடித்தால் வாக்கியத்தின் பாதியில் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியேறுவேன். மீதி வாக்கியம் அடுத்த வகுப்பில். மாணவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். நேரத்தை மதிக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது.

கடற்கரையிலிருந்து வருகிற மின்சார ரயில் தாம்பரத்துக்கு வந்தால், வண்டி நிற்பதற்கு முன்பே பாதிப் பேர் நடைமேடையில் குதித்திருப்பார்கள். இவன் உட்கார்ந்தே இருப்பான். ஒருநாள் அவனோடு சேர்த்துக் காலி ரயிலைப் பணிமனைப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். துறை ஆள் என்பதால் திட்டாமல் இறக்கிவிட்டார்கள். ஜல்லியில் நடந்து வீடு வந்து சேர்ந்தவனிடம் கேட்டேன்.

"தூங்கிட்டியா மாப்ளே?"

"இல்ல அத்தான், முழிச்சுத்தான் இருந்தேன். எல்லாரும் இறங்கட்டும்னு பார்த்தேன்."

"எல்லாரும் இறங்கினப்புறம்?"

"அதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு."

மாடம்பாக்கத்தில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். காபி வந்தது, பலகாரம் வந்தது, பேச வேண்டியதைப் பேசினோம். பெண்ணின் அப்பா கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். எங்கள் வீடுகளில் ஜெபம் முடிந்தால் எழுந்து கிளம்ப வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் எழுந்தோம். இவன் எழவில்லை. சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தான். நாங்கள் திரும்ப உட்கார்ந்தோம். இன்னும் கொஞ்சம் பேச்சு இழுத்தது. அந்த மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது முறையாகக் கண்ணை மூடி முடிவு ஜெபம் பண்ணினார். அப்போதும் இவன்தான் கடைசியாக எழுந்தான். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா எழுந்திருக்கலை?"

"அவங்க ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு அத்தான்."

"ஆமென்னு சொன்னாரேடா, அதுக்கு மேல என்னத்தச் சொல்லணும்?"

அந்த இடம் அமையவில்லை. அவனுக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

என் அப்பாவை அடக்கம் செய்த அன்று நடந்ததைத்தான் என்னால் சிரித்துச் சொல்ல முடிவதில்லை. நல்ல வெயில். போதகர் போய்விட்டார், கூட்டம் கலைந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த வயதான சித்திகள் அவனுடைய சின்ன காரின் பக்கத்தில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சாவி அவனிடம். அவன் குழி மூடுகிற ஆளின் அருகில் நின்றுகொண்டிருக்கிறான். போய்க் கூப்பிட்டேன். "இன்னும் மண்ணை நிரவல அத்தான்" என்றான். என் அப்பா, என் துக்கம், இவன் யார் நிரவலைப் பார்க்க என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு சித்திகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் மாலையில் நடந்து வந்தான். கால்சட்டை முழங்கால் வரை செம்மண். "நல்லா மூடிட்டாங்க அத்தான்" என்றான். 

இந்தக் குணத்துக்கு ஒரு காரணம் உண்டு என்பாள் என் மனைவி. ஒரு மனிதனின் குணத்துக்கு ஒரே ஒரு காரணம் இருக்கும் என்று நான் நம்புவதில்லை. ஆனால் அவள் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். அங்கே இருந்தபோது அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். தோட்டத்துக் கல்லறையில் அடக்கம். பெரிய மழை. கீழே போகிற தோட்டத்து லாரி கிளம்பிக்கொண்டிருந்தது, அதை விட்டால் வேறு வண்டி இல்லை. பெட்டியைக் குழியில் இறக்கி, பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி மண் போட்டதும், யாரோ இரண்டு பேரையும் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். "குழி திறந்தே இருந்துச்சு. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே வந்தான்" என்றாள்.

பெரியவர்களான பிறகு அக்காவும் தம்பியும் வருஷத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்வந்தார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று அங்கேயும் ஓட்டம்தான். பிறகு என் மனைவிக்கு மூட்டு வலி வந்து பஸ் படி ஏற முடியாமல் போனது. அவனுடைய காரில் ஒருமுறை கிளம்பினோம். சின்னப் பெட்ரோல் வண்டி, வயதும் ஆகியிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போன பஸ் நின்றுவிட, எங்கள் வண்டியும் நின்று, திரும்ப எடுக்கும்போது மூச்சு முட்டிப் பின்னால் உருண்டது. என் மனைவி போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இனிமே இந்த வண்டியில நான் மலை ஏற மாட்டேன்" என்று அங்கேயே சொல்லிவிட்டாள். இறங்கி வந்துவிட்டோம்.

"ஒரு டாக்ஸி வச்சுட்டுப் போயிட்டு வரலாமே" என்றேன். இதைவிடச் சுலபமான யோசனை உலகத்தில் உண்டா?

"டாக்ஸிக்காரர் ஹாரன் அடிப்பார் அத்தான்."

"அடிக்கட்டுமே?"

"அங்கே போய் ஒரு நாள் முழுக்க இருக்கணும் அத்தான். யாரும் கூப்பிடக் கூடாது. ஒரே ஒரு தரம்."

அவன் வாழ்நாளில் என்னிடம் வெளிப்படையாகச் சொன்ன ஒரே ஆசை அதுதான்.

"அப்போ இதை வித்துட்டு வேற வண்டி வாங்கு."

"வண்டி நல்ல வண்டிதான். மூச்சுதான் பத்தலை."

அப்படித்தான் டர்போ வந்தது. எங்கிருந்து கற்றான் என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் கைபேசியில் வீடியோ பார்த்துத்தான். அதிலும் ஒன்றைக்கூட நடுவில் நிறுத்த மாட்டான். விஷயம் முடிந்து, அந்தப் பையன் பெல் பட்டனை அழுத்துங்கள் என்று கெஞ்சி, பாட்டு ஓடி, திரை கறுப்பாகும்வரை மரியாதையாகப் பார்ப்பான். சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் நடக்கும். சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகிற சூடான புகையை ஒரு சக்கரத்தில் மோதவிட்டால் அது சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று அதிகம், அதற்கேற்ற பெட்ரோல், அதனால் பலம் அதிகம். "எஞ்சின் தன் பெருமூச்சையே திரும்ப உபயோகப்படுத்திக்குது அத்தான்" என்றான். "ஆர்.டி.ஓ. பிடிச்சா யார் பெருமூச்சு விடறது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டான். அது பதில் ஆகுமா?

பெருங்களத்தூரில் ஒரு கொட்டகை. லாரி, வேன் என்று டீசல் வண்டிகளாகவே பார்த்துப் பழகிய மெக்கானிக். இவன் ஒரு பழைய டீசல் காரிலிருந்து கழற்றிய சின்ன டர்போவைத் துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி கொண்டுபோனான். நானும் கூடப் போயிருந்தேன். மெக்கானிக் வண்டியைப் பார்த்தார், டர்போவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, எலிக்குட்டிக்குச் சிங்கத்தோட நுரையீரல் வெக்கச் சொல்ற?"

"நான் சொல்லலைங்க. இவர் சொல்றார்."

"பெட்ரோல் வண்டி சார். ஓவரா அமுக்கினா பிஸ்டன் பூடும்."

"கொஞ்சமா அமுக்கினா போதுங்க. மலை ஏறினா போதும்" என்றான் இவன்.

வேலை வாரக்கணக்கில் இழுத்தது. மெக்கானிக் தாமதம் செய்யவில்லை. இவன்தான் ஒவ்வொரு நட்டையும் முறுக்கிய பிறகு கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை முறுக்கச் சொன்னான். புகை போகிற குழாயை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தார்கள். டர்போவுக்கு ஆயில் போக எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய். அந்த ஆயில் திரும்பி விழுவதற்காக எஞ்சினின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியைக் கழற்றி, துளை போட்டு, ஒரு தடித்த குழாய். அமுக்கிய காற்றைக் குளிர்விக்க முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர். கூடுதல் பெட்ரோலைக் கணக்குப் பார்த்து ஊற்ற ஒரு சின்னப் பெட்டி. எல்லாம் முடிந்து எஞ்சின் மூடியை இறக்கினால் மூடவில்லை. அதற்கும் ஒரு வழி பண்ணினார்கள்.

ஓட்டிப் பார்த்தேன். மிதித்ததும் ஒன்றும் நடக்காது. வண்டி சற்று யோசிக்கும். பிறகு மெல்ல விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்து, முதுகைப் பிடித்துத் தள்ளுவது போலப் பாயும். அந்த யோசிக்கிற இடைவெளி டர்போவின் இயல்பு என்றார் மெக்கானிக். தனக்கு ஏற்ற இயந்திரத்தைத்தான் அவன் தேடிப் பிடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் உண்மையான தொல்லை அதன் பிறகுதான் ஆரம்பித்தது. டர்போவின் தண்டு நம்ப முடியாத வேகத்தில் சுற்றுவது. அதன் பேரிங் ஆயிலில் மிதக்கிறது. ஓடிவந்த சூட்டோடு சட்டென்று எஞ்சினை அணைத்தால் ஆயில் வருவது நின்றுவிடும். உள்ளே தங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகிவிடும். கரி சேரச் சேரத் தண்டு இறுகும். ஆகவே வண்டியை நிறுத்திய பிறகும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, சூடு தணிந்ததும்தான் சாவியைத் திருப்ப வேண்டும். இதை மெக்கானிக் சொன்னபோது என் மைத்துனனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அவன் செய்துவந்ததைச் சரி என்று ஒரு இயந்திரமே சாட்சி சொல்லிவிட்டது.

"டைமர்னு ஒண்ணு கீது சார்" என்றார் மெக்கானிக். "அத மாட்டிட்டா நீ பாட்டுக்குச் சாவிய எடுத்துகினு வூட்டுக்குள்ள போய்க்கினே இரு. வண்டி தன்னால கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னுக்கும்."

"மாட்டுங்க" என்றேன்.

"வேணாங்க" என்றான் அவன். "நாம உட்கார்ந்தா போச்சு."

"அதுக்குத்தான்டா டைமர் இருக்குங்கறார்!"

"வண்டி அவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுவந்து விடுது. நாம பாட்டுக்கு இறங்கிப் போனா நல்லா இருக்குமா அத்தான்?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார்.

எவ்வளவு நேரம் உட்காருவது என்பதற்கும் அவனே ஒரு அளவு வைத்தான். ஒரு பரமண்டல ஜெபம், 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே'யில் தொடங்கி ஆமென் வரை, நிதானமாக. கடிகாரம் பார்த்தால் அவசரம் வந்துவிடுமாம். எங்கள் வீட்டு வாசலில் கார் உறுமிக்கொண்டிருக்க, உள்ளே அக்காவும் தம்பியும் கண்ணை மூடி ஜெபம் சொல்வார்கள். அவன் ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பான். பால்காரர் சைக்கிளோடு காத்து நிற்பார். பின்சீட்டில் கதவுப் பிடியில் கையை வைத்தபடி நான்.

மெக்கானிக் வேலை முடித்துக் கொடுத்த மறுநாளே மலைக்குப் போயிருக்கலாம். போனானா? மழை விடட்டும் என்றான். விட்டது. முழுசாக விடட்டும் என்றான். பிறகு எஞ்சின் புதுப் பழக்கத்துக்கு வரட்டும் என்றான். அந்த மாதங்களில் வண்டியை அதிகம் ஓட்டியவன் நான். நாவலூரில் அடுக்குமாடியில் இருக்கிற மகளைப் பார்க்க, மருந்து வாங்க, வங்கிக்கு. சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொல்வான். "ஜெபம் சொல்லிட்டு அணைச்சிடுங்க அத்தான்."

சொன்னேன். அதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் ஜெபம் சொல்கிற வேகம் வேறு. சிறுவயதிலிருந்து சொல்லிச் சொல்லி அது என் வாயில் ஒரே நீளச் சொல்லாகிவிட்டிருந்தது. அதுவும் போதாமல், என் மனைவி பக்கத்தில் இருந்தாலும்கூட, சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போதே சொல்லி முடித்துவிடுவேன். நாவலூர் போய்ச் சேர்ந்ததும், அதான் சொல்லியாச்சே என்று சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்துவிடுவேன். என் மனசாட்சி கணக்கில் தேர்ந்தது. ஜெபம் சொன்னாயா, சொன்னேன். பிறகு அணைத்தாயா, அணைத்தேன்.

ஒருநாள் அவன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காதைச் சாய்த்து நின்றான். "விசில் கொஞ்சம் மாறியிருக்கு அத்தான். நீங்க ஜெபம் சொல்லித்தானே அணைக்கிறீங்க?"

"சொல்லாம இருப்பேனா?"

என்னை ஒரு கணம் பார்த்தான். "அது சரி" என்று மூடியை இறக்கினான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் பெருங்களத்தூருக்குப் போய்க் கழற்றிப் பார்த்திருப்போம். திறக்கவில்லை. வெட்கம்கூட இல்லை, சோம்பல்தான். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் அவன் முழுவதையும் கேட்பான், ஒரு மணி நேரம் போய்விடும் என்று நினைத்தேன்.

ஒருவழியாக ஒருநாள் பின்னிரவில் கிளம்பினோம். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பின்சீட்டில் என் மனைவி, மடியில் பூ மாலை, காலடியில் மதியச் சாப்பாடு. ஒரு நாள் முழுக்க இருப்பதற்கு வேண்டிய எல்லாம். சேலம் தாண்டி மலை ஆரம்பித்தது. முதல் வளைவுகளில் அந்த வண்டி ஏறிய அழகைச் சொல்லத்தான் வேண்டும். "பார்த்தியா அக்கா?" என்று அவன் திரும்பிச் சிரித்தான். பாதி மலையில் விசில் ஊளையாக மாறியது. பிறகு இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. வண்டி பலமிழந்து தவழ்ந்தது. ஓரம் கட்டினான்.

ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல், கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"அணைடா! புகை வருதுடா!"

அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"அதுதான் போயிடுச்சே, இப்போ எதுக்கு ஜெபம்?"

ஆமென் வரை சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினான். "போனதுக்கும் சொல்லணும்ல அத்தான்" என்றான்.

மேலே காலியாகப் போன ஒரு டாக்ஸியைக் கை காட்டி நிறுத்தினான். அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றினான், மாலையைக் கொடுத்தான். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. வண்டியைத் தனியா விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

"நீயும் வாடா. வண்டியை யார் தூக்கிட்டுப் போகப் போறாங்க?" என்றாள் என் மனைவி. அவன் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மாலையைப் போட்டுவிட்டு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். முன்பே சொல்லிவைத்தது போல. இரண்டாவது தடவை அடித்ததும், "போகலாமா?" என்று கேட்டேன். அவள் திரும்பி நடந்தாள். இதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருக்கலாம்.

கீழே வந்ததும் அவன் ஓடிவந்தான். அக்காவிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டான். "சிலுவை நேரா நிக்குதா அத்தான்? போன தடவை கொஞ்சம் ஆடிட்டு இருந்துச்சு."

நான் கவனிக்கவே இல்லை. அந்தக் கல் சிலுவையின் உயரம் என்ன, நிறம் என்ன என்று கேட்டிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

"நேராத்தான் நிக்குது" என்றேன்.

"அப்ப சரி" என்றான். அவன் முகம் தெளிந்துவிட்டது.

சேலத்தில் ஒரு பட்டறையில் டர்போவைக் கழற்றினார்கள். தண்டு தீய்ந்த தோசைக்கல் மாதிரி கறுத்திருந்தது. பட்டறைக்காரர் கரியை நகத்தால் சுரண்டிக் காட்டி, "சூட்டோட அணைச்சிருக்கீங்க, பல தடவை" என்றார். என் மனைவி டீ குடிக்க உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இருவர் மட்டும். இனியும் பேசாமலிருந்தால் நான் மனுஷன் இல்லை என்று தோன்றியது.

"மாப்ளே, நான் ஜெபம் சொன்னேன். ஆனா..."

"தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"இத்தனை வருஷமா சர்ச்ல உங்க பக்கத்துலதானே உட்கார்றேன். நான் பாதி வர்றதுக்குள்ள நீங்க ஆமென் சொல்லிடுவீங்க." சிரித்தான். "சிக்னல்லயே சொல்லியிருப்பீங்கன்னு மட்டும் நினைக்கல. அக்காதான் சொன்னா."

"தெரிஞ்சுமா சாவியைக் கொடுத்தே?"

"கேட்டா எப்படி இல்லைன்னு சொல்றது? ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் மெதுவா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். காத்திருந்திருக்கிறான்! அந்த எரிச்சலில்தான் சிலுவையைப் பற்றிச் சொல்ல மறந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. அது பொய். சொல்லும் தைரியம் ஒரு விஷயத்துக்குத்தான் இருந்தது.

பெருங்களத்தூரில் டர்போவைச் சரிசெய்து திரும்ப மாட்டினார்கள். இந்த முறையும் டைமர் வேண்டாம் என்றான். மழை விடட்டும், போகலாம் என்றான். மழைக்கு முன்பே அவன் போய்விட்டான். காலையில் மாடிப்படியில் செய்தித்தாளோடு உட்கார்ந்தவன் எழவில்லை. இந்த ஒன்றில்தான் அவன் எங்களைக் காக்கவைக்கவில்லை.

சென்ற மாதம் என் மனைவி, "அம்மாவைப் பார்த்துட்டு வரணும்" என்றாள். எனக்கு மலையில் ஓட்டுகிற வயது தாண்டிவிட்டது. ஒரு ஆக்டிங் டிரைவரை அமர்த்திக்கொண்டு அதே வண்டியில் பின்னிரவிலேயே கிளம்பினோம். வண்டி ஏறியது. ஒரு வளைவிலும் தயங்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தி டிரைவர் சாவியில் கை வைத்தார்.

"அணைக்காதீங்க" என்றேன்.

"இன்னா சார், வந்துட்டோமே?"

"கொஞ்சம் ஓடட்டும்." கண்ணை மூடினேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். நாக்கு கேட்கவில்லை. மூச்சு விடுவதற்குள் ஆமென் வந்துவிட்டது. டிரைவர் சாவியைத் திருப்பப் போனார்.

"விடுங்க தம்பி" என்றாள் பின்சீட்டிலிருந்து என் மனைவி. "அவர் மூணு தரம் சொன்னாத்தான் என் தம்பி சொன்ன ஒரு தரத்துக்குச் சமம்."

மூன்று தரம் சொன்னேன். டிரைவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, சொன்ன பிறகு அணைத்தார்.

சிலுவை இடது பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. அடியில் பாசி பிடித்து, சாய்ந்த நிலையிலேயே மண் இறுகியிருந்தது. நேற்றுச் சாய்ந்தது இல்லை. என் மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்று கீழே நின்று நான் அவனுக்குச் சொன்ன பதில் அவள் காதிலும் விழுந்திருந்தது.

சாப்பாட்டுப் பையிலிருந்த கரண்டியால் மண்ணைக் கிளறினேன். சிலுவையை அவள் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் வேலியோரம் கிடந்த கற்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக அடியில் செருகினேன். வெயில் ஏறியது, பிறகு சாய ஆரம்பித்தது.  நேராக நின்றது போல இருக்கும், கையை எடுத்தால் ஒரு விரல் அளவு சரியும்.

"சார், டைம் ஆவுது. பனி எறங்கிட்டா பேஜாராய்டும்" என்று டிரைவர் வாசலிலிருந்து கத்தினார். பிறகு ஹாரன் அடித்தார்.

"வந்துட்டோம்" என்று குரல் கொடுத்துவிட்டு, இன்னொரு கல் தேடினேன்.